மேக்குச் சுவரும் மெட்ராசுப் பெரணியும்

வாய்யா பேராண்டி, உக்காரு. வீடு எழும்பியாச்சு, பெயிண்டு அடிச்சாச்சு, எல்லாம் சரி. மேக்குச் சுவத்துல இரும்புச் சட்டம் முடுக்கி, கறுப்புத் துணிப்பையா வரிசை வரிசையா தொங்க விட்டிருக்கியே, அது என்னன்னு ஊரே கேக்குது. நேத்து ஒருத்தன், "உம்ம பேரன் தபாலாபீசு வைக்கப் போறானா, கடுதாசி போட இம்புட்டுப் பை தச்சிருக்கான்?"னு கேட்டான். இல்லப்பா, அதுக்குள்ள பெரணிச் செடி வைக்கப் போறான், செவுரே பச்சையாத் தெரியும், செங்குத்துத் தோட்டம்னு பேருன்னு வெளக்கிச் சொன்னேன். "பாளையம்பட்டியிலயா? மேக்குச் செவுத்துலயா?"ன்னு வெத்தலையைத் துப்பிட்டுச் சிரிச்சான். நான் சிரிக்கலய்யா. சொந்தப் பேரனாச்சே. வீட்டுக்கு வந்துதான் சிரிச்சேன்.

நீ இங்க பொறந்தவன்தான், ஆனா ஏசியில வளந்தவன். அதனால சொல்றேன். நம்ம பக்கம் வருசத்துக்கு 800 மில்லிமீட்டர் போல மழைன்னு கணக்கு வச்சிருக்காங்க. அதுல பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில வந்து கொட்டிட்டுப் போயிரும். மிச்ச நாளு பூரா வேலிக்கருவைதான் பச்சை. மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த மேக்குச் செவுத்துல உள்ளங்கையை வச்சுப் பாத்தியா? ஆனியில இருந்து மேல்காத்து வேற அடிக்கும். அது ஈரத்தை மட்டும் பாத்துப் பாத்து எடுத்துக்கிட்டுப் போற காத்து. இந்தச் செவுத்துல பெரணி வைக்கிறது, பங்குனி வெயில்ல மாப்பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டு தச்சுப் போடுற கதை. போட்டோ நல்லா இருக்கும். மாப்பிள்ளை தாங்க மாட்டான்.

ஒடனே மூஞ்சியத் தூக்காத. பெரணி வேண்டாம்னு சொல்லல. அது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்னுதான் சொல்றேன். நான் பெரணி பாக்க ஊட்டிக்குப் போகல. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுல பெரணிக்குன்னே தனியா வீடு கட்டி வச்சிருக்காங்களாம், நல்லது, இருந்துட்டுப் போகட்டும். நான் பாத்தது கிணத்துக்குள்ள. தூரு வார இறங்குறவனுக்குத்தான்யா தெரியும், செங்குத்துத் தோட்டம்னா என்னன்னு.

நம்ம கமலைக் கிணறுகள் கல்லுக்கட்டு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சுண்ணாம்புச் சாந்து. கயித்தைப் பிடிச்சு இறங்கினா மேலேயே, வெயில் கொஞ்சம் எட்டிப் பாக்குற எடத்துல, நீளநீளமா இலைக்காம்பு, ரெண்டு பக்கமும் ஏணிப்படி கணக்கா ஒல்லி இலை, நுனியில ஒத்தை இலை நீட்டிக்கிட்டு நிக்கும். அது டெரிஸ் விட்டாட்டாவாம். பாட்டனி படிக்கிறாளே உன் தங்கச்சி, அவதான் பேரு சொன்னா. அதுக்குக் கீழ, நிழலு அடர்ந்த எடத்துல, தொட்டா லேசா சொணை தட்டுற மாதிரி மயிரு முளைச்ச பெரணி ஒண்ணு, கிறிஸ்டெல்லா வகை. இன்னும் கீழ, ஊத்துக்கண்ணுல இருந்து தண்ணி கசிஞ்சு சொட்டுற கல்லிடுக்குல, கன்னங்கரேர்னு பளபளக்குற காம்பும் விசிறி விசிறியா சின்ன இலையுமா அடியான்டம். நீ மெட்ராசு நர்சரியில மெய்டன்ஹேர்னு தொட்டியோட எரநூறு முன்னூறு குடுத்து வாங்கி, மூணாம் வாரம் குப்பையில போடுவியே, அதே சாதிதான். உரம் கெடையாது, ஸ்பிரே கெடையாது, டைமர் கெடையாது. எங்க அப்பன் காலத்துலயும் இருந்துச்சு.

மேல காய்ச்சல் தாங்குறது, நடுவுல நடுத்தரம், அடியில ஈரம் குடிக்கிறது. இந்த வரிசையை மட்டும் மனசுல வச்சுக்க. பின்னால வேணும்.

கிணத்துல தானா நடந்ததைச் செவுத்துல செஞ்சு காட்டினவரு பேட்ரிக் பிளாங்க்னு ஒரு பிரான்சுக்காரரு, தாவரவியல் படிச்சவரு, தலைமுடியக்கூட பச்சையா சாயம் போட்டிருப்பாராம். வெப்பக்காடுகள்ல மண்ணே இல்லாத பாறையில செடி தொங்குறதைப் பாத்து, அதைச் செவுத்துக்குக் கொண்டாந்தாரு. இரும்புச் சட்டம், அது மேல பிவிசி பலகை, அது மேல கம்பளத் துணி, மேல இருந்து சத்துக் கலந்த தண்ணி வழியும், மண்ணு கெடையாது. 1988ல அதுக்குக் காப்புரிமை வாங்கினாரு. 2006ல பாரிசுல திறந்த கே பிரான்லி அருங்காட்சியகத்தோட செவுரு அவரு கைவேலை. அவரு காப்புரிமை வாங்குறதுக்கு அம்பது வருசம் முன்னாடி, 1938லயே, ஸ்டான்லி ஹார்ட் ஒயிட்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு செடி வளக்குற செவுருக்குக் காப்புரிமை எழுதி வாங்கியிருக்காரு. நம்ம ஆளுக எழுதி வாங்கல. எழுதி வாங்கியிருந்தா கிணத்துக்காரன் எல்லாம் இப்போ பாரிசுல இருப்பான்.

நீதான் மொத ஆளுன்னு நெனைக்காத. பெரணிப் பைத்தியம் பிடிச்சவங்க ஒனக்கு முன்னாடி ஒரு நாடே இருந்துச்சு. இங்கிலாந்துல. அங்க வார்டுன்னு ஒரு வைத்தியரு, லண்டன்ல. வீட்டுப் பின்னால செவுத்தோரமா கல்லடுக்கிப் பெரணி வச்சுப் பாத்தாரு. ஆலைக்கரிப் புகையில அம்புட்டும் செத்துப் போச்சு. 1829ல ஒரு பூச்சிக்கூட்டை ஈரமண்ணோட போத்தல்ல போட்டு மூடி வச்சாரு, அந்துப்பூச்சி எப்படி வெளிய வருதுன்னு பாக்க. பூச்சியை விட்டுரு, மூடின போத்தலுக்குள்ள தானா ஒரு பெரணி முளைச்சு ஜம்முனு நின்னுச்சு. அதுல இருந்து கண்ணாடிப் பொட்டி வந்துச்சு, வீட்டுக்கு வீடு பெரணி வந்துச்சு. 1855ல சார்லஸ் கிங்ஸ்லின்னு ஒரு எழுத்தாளரு அந்தக் கிறுக்குக்கு 'டெரிடோமேனியா'ன்னு பேரே வச்சுட்டாரு. வீட்டுப் பொம்பளப் பிள்ளைக எல்லாம் பெரணி தேடிக் காடு மேடு அலைஞ்சு, வகைக்கு என்ன பேருன்னு சண்டை போட்டாங்களாம். அந்த வேகத்துலதான் நம்ம மெட்ராசு மாகாணக் காட்டிலாகா அதிகாரி பெடோம் துரை, 1863ல தென்னிந்தியப் பெரணிகளுக்குன்னே படம் போட்டுப் புத்தகம் கொண்டாந்தாரு. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு வந்த பட்டாளத்துக்காரரு, பெரணியத் தூக்கிக்கிட்டுப் போனாரு. நம்ம ஆளுகளும் சும்மா இல்ல. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில மாணிக்கம்னு ஒரு பாதிரியாரும் இருதயராஜும் சேந்து 1992ல மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளுக்கு ஒரு தடிச்ச புத்தகம் போட்டாங்க. உன் தங்கச்சி லைப்ரரியில அதைத் தூக்கிட்டுத் திரியிறா. நீ போனைத் தூக்கிட்டுத் திரியிற.

சரி, போனை வை. நர்சரிக்குப் போனா என்ன செய்யணும்னு சொல்றேன் கேளு.

செடியப் பாக்காத. பலகையில எழுதின பேரைப் பாக்கவே பாக்காத. இலையைத் திருப்பு. பெரணிக்குச் சாதகம் முதுகுலதான் எழுதியிருக்கு. பூவு கெடையாது, காயி கெடையாது, விதை கெடையாது. 35 கோடி வருசத்துக்கு முன்னாடியே வந்த சாதி, பூக்குறதுன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. இலை முதுகுல பழுப்புப் புள்ளியோ கோடோ இருக்கும், அதுக்குள்ள தூசி மாதிரி வித்துகள். அப்புறம் புதுக்கொழுந்து: நுனி உள்பக்கமாச் சுருண்டே வெளிய வரும், வளர வளர அவுந்து நிமிரும். இந்த ரெண்டையும் பாத்துட்டா நீ பாதி பெடோம் துரை.

மேலத்தெருவுல ஒரு வீட்டம்மா இந்தப் புள்ளியப் பாத்துட்டு, அய்யோ பூச்சி பிடிச்சிருச்சுன்னு அலறி, பல்லு வெளக்குற பிரஷை வச்சு ஒவ்வொண்ணாச் சொரண்டி, மருந்தும் அடிச்சுட்டாங்க. ஒரு செடியோட சந்ததியவே சொரண்டி எறிஞ்சுட்டு, இப்பதான்டி சுத்தமா இருக்குன்னு பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டாங்க. வித்தியாசம் இதுதான்: ஒரே அளவா, ரெண்டு பக்கமும் ஒழுங்கு வரிசையா, முதுகுல மட்டும் இருந்தா அது செடியோட சொத்து. வரிசை இல்லாம, காம்புலயும் மேல்பக்கமும் கண்டபடி ஒட்டி, நகத்தால தள்ளினா பிசுபிசுன்னு வந்தா அது செதில்பூச்சி. அதைச் சொரண்டு.

இனி ஆளு ஆளாப் பாப்போம். அகல இலை, பிளவே இல்லாம, நடுவுல குழிஞ்சு சுத்திவர நின்னா அதுதான் பேர்ட்ஸ் நெஸ்ட், அஸ்பிளீனியம் நைடஸ். அது முதுகுல நடுநரம்புல இருந்து சாய்கோடா, மீன்முள்ளு அடுக்குன மாதிரி கோடு ஓடும். நடுக்குழியில தண்ணி ஊத்திராத, அழுகிப் போகும். அடியான்டத்துக்குப் புள்ளியும் தெரியாது கோடும் தெரியாது. இலை ஓரத்தையே பின்னால மடிச்சு, அந்த மடிப்புக்குள்ள வித்தை ஒளிச்சு வச்சிருக்கும். பொம்பளையாளுக முந்தியில காசு முடியிற புத்தி. தண்ணி தெளிச்சா இலையில ஒட்டாம உருண்டு ஓடும். டெரிசும் ஓரத்துலதான் வைக்கும், ஆனா விளிம்பு பூராவும் ஒரே கோடா. வெள்ளிப் பெரணின்னு மலைப்பக்கம் ஒண்ணு, பிட்டிரோகிராமா. அமெரிக்காப் பக்கத்துல இருந்து வந்து குடியேறினது. முதுகு பூரா வெள்ளை மாவு. மலையூருப் பிள்ளைக இலையைக் கையில வச்சு ஓங்கித் தட்டும், பச்சை குத்தின மாதிரி வெள்ளையா அச்சு விழுந்துரும். நீயும் தட்டிப் பாரு, வயசு முப்பத்தஞ்சு ஆனா என்ன, நர்சரிக்காரன் என்ன நெனச்சா என்ன.

இப்ப முக்கியமான ஆளு. பாஸ்டன் ஃபெர்ன். 1894ல ஃபிலடெல்ஃபியாவுல இருந்து பாஸ்டன் பக்கம் போன செடிகளுக்குள்ள ஒண்ணு மத்ததை விட அழகா வளைஞ்சு தொங்கி நின்னுச்சாம், அதைப் பெருக்கி விட்டுத்தான் இன்னைக்கு ஒலகம் பூரா கல்யாண மண்டபத்துல தொங்குது. நெஃப்ரோலெப்பிஸ் எக்சால்டேட்டா அதோட சாதி. அதுக்குப் பங்காளி ஒருத்தன் இருக்கான், நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியா. மேலோட்டமாப் பாத்தா அண்ணன் தம்பி. நர்சரியில ரெண்டையும் பாஸ்டன்னுதான் விப்பாங்க. ரெண்டுக்கும் முதுகுல சிறுநீரக வடிவத்துல சின்ன மூடி போட்ட புள்ளிதான். எப்படிப் பிரிப்ப? தொட்டி மண்ணை ஒரு விரலால லேசாக் கெளறு. வேர்க்கொடியில கோலிக்குண்டு கணக்கா உருண்டை தொங்குச்சுன்னா அது கார்டிஃபோலியா. அந்த உருண்டை பூராவும் சேத்து வச்ச தண்ணி. பாஸ்டனுக்கு உருண்டை கெடையாது.

இந்த எடத்துல உனக்கு ஒரு கமுக்கமான வேலை சொல்றேன். பாஸ்டன்னு சொல்லி அவன் உருண்டைக்காரனைத் தந்தா, "ஏய்யா ஏமாத்துற"ன்னு சத்தம் போடாத. வாயை மூடிக்கிட்டு இன்னும் பத்துத் தொட்டி சேத்து எடு. நம்ம ஊருக்கு அவன்தான் லாயக்கு. ரெண்டு நாள் மோட்டார் ஓடலன்னாலும் தன் கைக்காசுல பொழைச்சுக்குவான். பேரு தப்பா இருக்குன்னு விலை வேணா பேசிப் பாரு. செடியத் திருப்பிக் குடுத்துராத.

அதே மாதிரி, நூலு நூலா பச்சையா, மெத்துனு ஒண்ணைக் காட்டி அஸ்பராகஸ் ஃபெர்ன்னு சொல்லுவான். உத்துப் பாத்தா முள்ளு இருக்கும், வெள்ளையா பொடிப்பூ பூக்கும், செகப்பாப் பழம் வரும். பூத்தா பெரணியா? அது நம்ம தண்ணிவிட்டான் கெழங்கோட ஒண்ணுவிட்ட தங்கச்சி. பெரணி சாதியிலயே சேத்தி இல்ல. ஆனா அடியில கெழங்கு வச்சிருக்கு, வெயிலுக்கும் கொஞ்சம் எதுத்து நிக்கும். போலின்னு தெரிஞ்சே வாங்கி மேல் வரிசையில வை. நம்ம சொந்தத்துல எத்தனை பேரைத் தெரிஞ்சே மேல வச்சிருக்கோம்.

காத்தைச் சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லியிருக்குன்னு ஒரு பாட்டுப் பாடுவான். 1989ல நாசாக்காரங்க செடிகளை அடைச்ச பொட்டிக்குள்ள வச்சுச் சோதிச்சது உண்மைதான். பொட்டி வேற, வீடு வேற. சன்னலைத் திறந்து வச்ச வீட்டுல அந்த வேலை நடக்கணும்னா ஒரு சதுர மீட்டருக்குக் குறைஞ்சது பத்துச் செடியாவது வேணும், ஆயிரம்கூட ஆகலாம்னு பின்னால கணக்குப் போட்டவங்க சொல்லிட்டாங்க. ஆயிரம் செடி வச்சா நீ எங்க படுப்ப? காத்துக்குன்னா சன்னலைத் திற. அழகுக்குன்னா செடி வை.

சரிய்யா, செவுருக்கு வருவோம். மேக்கு வேண்டாம். வடக்குச் செவுரு இருக்கு, கொல்லைப்பக்கம், வேம்பு நிழலோட. வடக்குன்னா வெயிலே படாதுன்னு இன்டர்நெட்டுல எழுதியிருப்பான், அது டெல்லிக்காரனுக்கு. நம்ம ஊருல சித்திரை பொறந்ததுல இருந்து ஆவணி நடு வரைக்கும் உச்சிச் சூரியன் வடக்கேதான் சாயும். அந்த நாலு மாசமும் வடக்குச் செவுருக்கும் அடி உண்டு. அதனாலதான் வேம்பை வெட்டாதன்னு கால்கோள் அன்னைக்கே சொன்னேன். கிளையை மட்டும் கழிச்சுட்டு விட்டியே, அந்த மட்டுக்கும் நல்லது. வேம்பு எட்டாத எடத்துக்குப் பச்சை வலை கட்டு. மேல்காத்து வர்ற பக்கம் கீத்துத் தட்டி ஒண்ணு நிறுத்து. தட்டி கட்டுனா வீடு பழசாத் தெரியும்னு உன் என்ஜினியரு சொல்லுவாரு. காத்துக்கு என்ஜினியரைத் தெரியாது.

செவுத்துக்கும் சட்டத்துக்கும் ரெண்டு மூணு அங்குலம் இடைவெளி விடு. ஒட்டி அடிச்சா ஓதம் ஏறி உள்பக்கம் பெயிண்டு உரியும், அப்புறம் செடி பாக்க வர்றவங்க எல்லாம் செவுத்தைத்தான் பாப்பாங்க.

அடுத்து தண்ணி. இங்கதான் நம்ம ஊரு ஆளைக் கவுத்துரும். உன் போர்த்தண்ணியில தேய்ச்சுக் குளிச்சா சோப்பு நுரைக்குதா? அந்த உப்புத் தண்ணியச் சொட்டு சொட்டா துணிப்பையில விட்டா, தண்ணி ஆவியாப் போகும், உப்பு அங்கேயே தங்கும். துணியில வெள்ளை பூக்கும். சொட்டுக்குழாய் மூக்கு அடைக்கும். இலை நுனி பழுத்துக் கருகும். நீ தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்துவ. சுண்ணாம்புத் தண்ணி வேற, உப்புத் தண்ணி வேற, அதைத் தெரிஞ்சுக்க. சுண்ணாம்பை டெரிசும் கிணத்து அடியான்டமும் விரும்பித் திங்கும். அதான் பழைய சாந்துக்கட்டுல ஒட்டிக்கிட்டு நிக்குது. டெரிஸ் விட்டாட்டா விசத்தையே திங்கிற ஆளு. ஃப்ளோரிடாவுல மரத்துக்கு மருந்தேத்துற பழைய பட்டறை ஒண்ணு, மண்ணு பூரா ஆர்சனிக்கு. அந்த மண்ணுல இது மட்டும் ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில சேத்துக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நின்னதை 2001ல ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சு எழுதினாங்க. அதுக்காக உப்பையும் திங்கும்னு நெனச்சு ஊத்திராத.

ஆர்ஓ மிசினு வச்சிருக்கியே, அதுல கழிவா ஒரு தண்ணி வருமே, அதை வீணாக்கக் கூடாதுன்னு செடிக்கு ஊத்துற புத்திசாலிக நம்ம தெருவுல ரெண்டு பேரு. வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான்யா இருக்கு. அதைக் கக்கூஸ் கழுவ வச்சுக்க. நல்ல தண்ணி எங்க இருக்குன்னா, நீ ராத்திரி பூரா ஓட்டுற ஏசியில. சன்னலுக்கு வெளிய குழாயில சொட்டுது பாரு, அதுல உப்பு கெடையாது. வாளி வச்சுப் பிடி. பெரணிக்கு அது மழைத்தண்ணி கணக்கு. நெசமான மழைத்தண்ணிக்கு ஐப்பசியிலயே மொட்டைமாடியில இருந்து குழாய் இறக்கித் தொட்டியில சேத்து மூடி வை. மூடலன்னா கொசு வரும், கொசு வந்தா நகராட்சிக்காரங்க வருவாங்க, அவங்க செடியப் பாராட்ட வர மாட்டாங்க.

மண்ணுக்கு வருவோம். கரிசலை அள்ளிப் பையில திணிச்சுராத. மழைக்குக் களி, வெயிலுக்குக் கல்லு. பெரணி வேருக்கு மெதுவா, காத்தோட்டமா வேணும். தேங்காநார்த் தூளு, மக்கின இலை, செங்கல் சல்லி கொஞ்சம், கரித்துண்டு கொஞ்சம். நார்த்தூளை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசிப் பிழிஞ்சு போடு, அதுலயும் உப்பு உண்டு. கரிக்கு மெட்ராசுல பொட்டலம் வாங்காத. திருச்சுழிப் பக்கம் வேலிக்கருவை மூட்டம் போடுறவங்ககிட்ட கேட்டா ஒடைசல் கரி சாக்கோட குடுப்பாங்க. மலைச் செடிக்கு வேலிக்கருவைக் கரி. நம்ம ஊரு சம்பந்தம் இப்படித்தான் அமையும்.

உரத்தைக் கைநெறைய அள்ளி வீசுற பழக்கம் உன் தாத்தனுக்குப் பருத்தியில. பெரணிக்கு அது ஆகாது, வேரு கருகிரும். டப்பாவுல போட்டிருக்கிற அளவுல கால்வாசி, அதுவும் கொழுந்து வர்ற காலத்துல மட்டும். தண்ணி தெளிக்கிறதைக் காலையில தெளி. ராத்திரி ஈரம் இலையில தங்கினா பூசணம் பிடிக்கும்.

இப்ப அந்தக் கிணத்து வரிசையை எடு. சட்டத்துல மேல ஊத்துற தண்ணி கீழ இறங்கும். அதனால மேல்பை எப்பவும் காயும், அடிப்பை எப்பவும் நனைஞ்சே கெடக்கும். டிசைனருன்னு வர்றவன் கலரு பாத்து வைப்பான். நீ தாகம் பாத்து வை. மேல உருண்டைக்கார நெஃப்ரோலெப்பிசும் டெரிசும் அந்த போலி அஸ்பராகசும். நடுவுல பாஸ்டனும் பேர்ட்ஸ் நெஸ்டும். அடியில, தண்ணி வந்து சேர்ற எடத்துல, அடியான்டம். அதுக்கும் மேல்காத்து ஆகலன்னா வார்டு வைத்தியரு வழி இருக்கு, கண்ணாடிப் பொட்டிக்குள்ள போட்டு வீட்டுக்குள்ள வை. பொட்டிக்குள்ள நேரா வெயில் விழாமப் பாத்துக்க, இல்லேன்னா ரசமா வெந்துரும்.

மான்கொம்புப் பெரணி, பிளாட்டிசீரியம், வாங்கணும்னு உன் வீட்டுக்காரி ஆசைப்படுது. வாங்கிக் குடு. ஆனா பையில நடாத. அதுக்கு ரெண்டு விதமா இலை: ஒண்ணு தட்டையா கேடயம் மாதிரி ஒட்டிக்கிட்டுக் காஞ்சு பழுப்பாகும், இன்னொண்ணு கொம்பு மாதிரி தொங்கும். காஞ்சதைச் செத்துருச்சுன்னு பிச்சு எறியிற ஆளுக நெறைய. அதுதான் அதோட எருக்குழி, விட்டுரு. மரப்பலகையில கட்டித் தொங்கவிடு.

இதே குணம் உள்ள நம்ம நாட்டு ஆளு ஒருத்தன் இருக்கான். கொல்லிமலைக்கு டூரு போனியே, ரோட்டோரம் முடவாட்டுக்கால் சூப்புன்னு ரெண்டு டம்ளரு குடிச்சுட்டு, மூட்டு வலியே போச்சுன்னு எனக்குப் போன் பண்ணினியே, அது என்னன்னு நெனச்ச? பெரணிதான்யா. டிரைனேரியா குவர்சிஃபோலியா. பாறையிலயும் மரத்துலயும் ஒட்டி வளரும், ரோமம் போத்தின கெழங்கு ஆட்டுக்கால் கணக்கா இருக்கும். அதுக்கும் ஒரு இலை காஞ்சு சருகு பிடிக்கும், இன்னொரு இலை பச்சையா நீளும். கோடையில பச்சையை உதுத்துட்டுக் கெழங்கோட தூங்கும், மழைக்கு எந்திரிக்கும். செவுத்துல கட்ட இதை விட லாயக்கான ஆளு கெடையாது. மலையில பேத்துக்கிட்டு வராத, மலைக்காரங்களே பேத்துப் பேத்துக் கொறஞ்சு போச்சு. நர்சரியில வளத்ததைக் கேட்டு வாங்கு. கெழங்கை மண்ணுல புதைக்காத, மேலாகக் கட்டு. கோடையில இலை உதுந்ததும் செத்துருச்சுன்னு எடுத்துச் சூப்பு வச்சுராத.

பெரணிக்கும் கரிசலுக்கும் சம்பந்தமே இல்லைன்னு இன்னும் நெனைக்கியா? கண்மாயில தண்ணி வத்துற காலத்துல சேத்துல நாலு இலை விரிச்சுக்கிட்டு ஆராக்கீரை கெடக்குமே, உங்கப்பத்தா பருப்புப் போட்டுக் கடைஞ்சு ஊட்டி வளத்தது, அது பெரணி. பூத்துப் பாத்தியா அதை? அடியில கெட்டியா மொச்சைக் கொட்டையாட்டம் ஒரு பொதி வைக்கும். கண்மாய் வருசக்கணக்காக் காஞ்சு வெடிச்சாலும் அதுக்குள்ள வித்து உசுரோட கெடக்கும், தண்ணி வந்ததும் அவுந்து முளைக்கும். மாட்டுக்கொட்டத்துல தார்ப்பாய்க் குழியில உன் சித்தப்பன் அசோலா வளத்து மாட்டுக்குப் போடுறானே, அதுவும் பெரணி. பாறை வெடிப்புல மழை பேஞ்சதும் சின்னஞ்சிறு மயில்தோகையா விரியுமே மயில்சிகை, அதுவும். காஞ்சா சுருட்டிக்கிட்டு உக்காந்திரும். மாடு திங்கிறது, மனுசன் திங்கிறது, பாறையில கெடக்குறது எல்லாம் பெரணி. நீ மட்டும் காசு குடுத்து வாங்குனதுதான் பெரணின்னு நெனச்ச.

பெருக்கணும்னா ரெண்டு வழி. நெஃப்ரோலெப்பிஸ் தானா ஓடுகொடி விட்டுப் பக்கத்துல குட்டி போடும், பிரிச்சு வை. பொறுமை இருந்தா வித்து வழி. முதுகுப் புள்ளி பழுத்த இலையை வெள்ளைத் தாள்ல குப்புற வச்சு ஒரு ராத்திரி மூடி வை. காலையில தாள்ல பழுப்புத் தூசி அச்சா விழுந்திருக்கும். வெந்நீர் ஊத்தி ஆறவச்ச செங்கல் மேல தூவி, தண்ணித் தட்டுல நிறுத்தி, கண்ணாடி கவுத்து மூடு. சில வாரத்துல பச்சையா, நகக்கண் அளவு கூட இல்லாம, இதய வடிவத்துல ஒண்ணு படரும். அது பெரணி இல்ல, பெரணிக்குத் தாய் தகப்பன். அதுல ஆண் அணு நீந்திப் போய்த்தான் பெண்ணைச் சேரணும். நீந்த ஒரு சொட்டுத் தண்ணிப் படலமாவது வேணும். அதான் கிணத்துக் கல்லுல முளைக்கிறது உன் மேக்குச் செவுத்துல முளைக்க மாட்டேங்குது. இந்தத் தூசி கண்ணுக்குச் சரியாத் தெரியாததால, பெரணி விதை கையில இருந்தா ஆளே மறைஞ்சு போகலாம்னு அந்தக் காலத்து ஐரோப்பாக்காரன் நம்பிக்கிட்டுத் திரிஞ்சானாம். உனக்குக் கெடைச்சா கொஞ்சம் எடுத்து வை. வீட்டு லோன்காரன் மாசம் பொறந்தா வர்றான்ல.

இப்ப வைகாசி. செடி வாங்குற மாசம் இது இல்ல. அக்கினி நச்சத்திரம் முடிஞ்சிருச்சேன்னு துள்ளாத, மேல்காத்து இன்னும் வரல. ஆடி போகட்டும், ஆவணி போகட்டும், ஐப்பசியில மொத மழை விழுந்து மண்ணு குளிரட்டும், அப்ப வை. மார்கழிக்குள்ள வேரு பிடிச்சிரும், அடுத்த கோடைக்கு எதுத்து நிக்கும். அதுக்குள்ள சட்டத்தைக் கழட்டி வடக்குச் செவுத்துல முடுக்கு. ஐப்பசி வரைக்கும் சும்மா கெடக்க வேண்டாம், உங்கப்பத்தா சேலை காயப்போடக் கொடி பத்தலன்னு ஒரு மாசமா நச்சரிக்கிறா. பையில என்னத்தைப் போடுறதுன்னு கேக்குறியா? வெங்காயம் போடு, காத்தோட்டமா இருக்கும்.